மத்தியாசின் இடது காது

கூளிமேட்டுக் குப்பண்ணன் காது வைத்தியத்துக்குக் கோயமுத்தூர் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியவர். நம்பாதவர்கள் அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். கீழ்வரிசையில் வலப்பக்கம் கடைசிக்கு முந்தின பல் இல்லை. நல்ல பல். ஐம்பது வருசம் கரும்பு கடித்தும் ஆடாத பல்.

நடந்தது இவ்வளவுதான். காது டாக்டர் வீட்டு மாடிப்படியில் மூன்றாவது படியில் கால் வைக்கும்போது யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பிப் பார்த்தால் சம்பந்தி ரத்தினசாமி. குப்பண்ணனின் ஒரே மகள் முத்தாத்தாளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பெரியவர். மோட்டாருக்குப் பெல்ட் வாங்க வந்திருந்தார். அவர் உதடு அசைந்தது. இந்தப் பக்கம் எங்கே என்றுதான் கேட்டிருப்பார் என்று குப்பண்ணன் கணித்து, "பல்லு வலிங்க சம்பந்தி," என்று சொல்லிவைத்தார். அந்த மாடியில் இடக்கைப்பக்கம் காது டாக்டர், வலக்கைப்பக்கம் பல் டாக்டர். ரத்தினசாமி உதவி செய்வதில் கெட்டிக்காரர். கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய், நாற்காலியில் உட்கார வைத்து, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். எந்தப் பல் என்று டாக்டர் கேட்டபோது குப்பண்ணன் விரல் போன பக்கம் ஒன்றைக் காட்டினார். கையில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த பல்லோடு ஊர் வந்து சேர்ந்தார்.

செவிடு என்பதை ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட்டு மறைக்க வேண்டுமா என்று கேட்கலாம். மற்றவர்கள் என்றால் வேண்டியதில்லை. குப்பண்ணன் ஊருக்குக் கவுளி கேட்டுச் சொல்கிறவர்.

மலையாளத்துச் சித்தூரிலிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் கூளிமேடு. அங்கே கல்யாணம் பேசினாலும், கிணறு வெட்டினாலும், காளையைவிடப் பெரிதாக எதை வாங்கினாலும் முதலில் அம்மன் கோயிலில் கவுளி கேட்க வேண்டும். கவுளி என்றால் சுவரில் இருக்கிற சாதாரணப் பல்லிதான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, கேட்கிறவர் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு சன்னதிக்கு முன்னால் உட்காருவார். கேள்வியைச் சொல்வார். அப்புறம் காத்திருப்பது. கவுளி வலப்பக்கம் சொன்னால் செய்யலாம். இடப்பக்கம் சொன்னால் கூடாது. ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளி. பின்னால் இருக்கிறவர்கள் காதிலும் அது விழும்தான். ஆனால் விழுந்தாலும் விழாதவர்கள் போலத்தான் இருக்க வேண்டும். கேட்கிறவர் வாயால் சொன்ன பிறகுதான் அம்மன் சொன்னதாகக் கணக்கு.

ஆறு வருசத்துக்கு முன்னால், மழை தவறிய ஒரு வைகாசியில், கோயில் கவுளிகளெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டன. தண்ணீர் இல்லாமல் தொண்டை வறண்டிருக்கும் என்று குப்பண்ணன் அவற்றுக்காக வருத்தப்பட்டார். மழை வந்தது, குளம் நிறைந்தது, கவுளிகள் பேசவில்லை. அப்புறம் குயில், அப்புறம் பால்காரன் சைக்கிள் மணி, அப்புறம் மனைவி மருதாத்தாள் என்று ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்திக்கொண்டே வந்தபோதுதான், கோளாறு அவர்கள் பக்கம் இல்லை என்று அவருக்குப் புலப்பட்டது.

ஆனாலும் தொழில் நிற்கவில்லை. கோயில் பண்டாரத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. வலப்பக்கம் கவுளி சொன்னால் அவருடைய வலது புருவம் தானாக ஏறும். இடப்பக்கம் என்றால் இடது. குப்பண்ணன் ஆறு வருசம் அந்தப் புருவத்தில்தான் கவுளி கேட்டார். ஒரு வாக்கும் தப்பவில்லை. காது இருந்த காலத்தைவிடச் சுத்தமாகவே வேலை நடந்தது என்றுகூட அவர் நினைத்ததுண்டு.

போன ஆடியில் பண்டாரம் மகன் வீட்டோடு இருக்கப் பழனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்குக் கருங்கல்லில் செதுக்கிய முகம். பூஜை முடிந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். இடி விழுந்தாலும் ஒரு மயிர் அசையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் மருமகன் நாச்சிமுத்து ஒரு முடிவோடு வந்தான். மூன்று போகம் தொடர்ந்து தண்ணீர் வரவில்லை. நெல் வயலை விற்றுவிட்டு உடும்பஞ்சோலையில் ஏலக்காடு வாங்கிக் குடும்பத்தோடு மலையேறிவிடலாம் என்றான். ரத்தினசாமி யோசித்து, "கவுளி கேட்டுப் பாக்கலாம். ஆத்தா போன்னா போங்க," என்று சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

முத்தாத்தாள் இருந்தது அடுத்த சந்தில். தினம் சாயங்காலம் ஒரு சொம்பு மோரோடு வந்து, அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவாள். அந்த அரை மணிக்காகத்தான் குப்பண்ணனுக்குப் பகல் என்று ஒன்று இருந்தது. அவள் பேசுவதில் சில இடம் சிரிக்க வேண்டியது, சில இடம் "அப்படியா" என்று கேட்க வேண்டியது. முகத்தைப் பார்த்து இரண்டையும் மாற்றிவிடாமல் செய்துவந்தார். என்ன பேசினாள் என்பது மட்டும் ஆறு வருசமாகத் தெரியாது.

வெள்ளிக்கிழமை 'இடது' என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் இங்கேயே இருப்பாள். யாரும் மறுத்துப் பேச முடியாது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. புருவத்தைப் பார்த்துச் சொன்னாலும் இதுவரை அவர் கவுளி சொன்னதைத்தான் சொன்னார், சொல்லாததைச் சொன்னதில்லை. சொந்த ஆசையை அம்மன் பேரில் சொல்லி, அடுத்த போகமும் காய்ந்து, மகள் வீட்டில் அடுப்பு எரியாமல் போனால்? மாறாக, 'வலது' என்று சொல்லி, மலையில் அவளுக்கு ஒன்று ஆனால்? எப்படியானாலும் வெள்ளிக்கிழமை அவருக்குக் காது கேட்டாக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் வாளையாருக்குப் பஸ் ஏறினார். சிமெண்ட் பேக்டரிக்கு மலைப்பக்கத்து லாரிகள் வரும். டிரைவர்களிடம் உடும்பஞ்சோலையைப் பற்றி இரண்டு கெட்ட விஷயமாவது தெரிந்துகொண்டு வரலாம் என்பது எண்ணம். செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் பெரியமுத்து என்ற டிரைவர் அகப்பட்டான். மலைக்குச் சிமெண்ட் ஏற்றிப் போகிறவன். பின்னால் அவன் ஊரெல்லாம் சொன்னபடி பார்த்தால், அவன் எந்த ஊர் என்று கேட்டான், குப்பண்ணன் தலையாட்டினார். பேர் என்ன என்று கேட்டான், தலையாட்டினார். "லாரிய உங்க மேல ஏத்திரட்டுமா அண்ணாச்சி," என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்னுங்க," என்றார்.

பெரியமுத்து எழுந்து போய் லாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தான். உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் ரோஸ் நிறத்தில் நத்தை ஓடு மாதிரி ஒன்று. கேட்காமல் கொள்ளாமல் அதை அவருடைய இடது காதில் திருகி, பெட்டியில் இருந்த சின்னச் சக்கரத்தைச் சுற்றினான்.

வாளையார் மொத்தமும் குப்பண்ணன் தலைக்குள் வந்து விழுந்தது. லாரி, ஹாரன், டீ ஆற்றுகிற சத்தம், யாரோ மலையாளத்தில் யாரையோ திட்டுவது. ஆறு வருசமாக வாசலில் நின்றிருந்த கூட்டம் ஒரே மூச்சில் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"கேக்குதா அண்ணாச்சி?"

"மெதுவாப் பேசுங்க. எதுக்கு இந்தக் கத்துக் கத்தறீங்க," என்றார் குப்பண்ணன். இந்த வார்த்தையை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை.

கருவி மத்தியாஸ் என்ற எஸ்டேட் கணக்கப்பிள்ளையுடையது. உடும்பஞ்சோலைக்காரர். போன கிறிஸ்துமசுக்கு முந்தி காலமாகிவிட்டார். விற்றுக் கொடுக்கச் சொல்லி அவர் மனைவி செபமாலையம்மாள் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"மதுரையில பெரிய டாக்டர்ட்ட போயி வாங்கினது. காதுக்குள்ள மாவு மாதிரி என்னத்தையோ ஊத்தி, அச்செடுத்து, பதினஞ்சு நாள் கழிச்சுக் குடுத்தாங்களாம்," என்றான் பெரியமுத்து.

"அது அவுரு காதுக்கு எடுத்த அச்சுங்களே."

"காதுன்னா எல்லாம் காதுதானே அண்ணாச்சி. கடையில செருப்பு வாங்குறிய, உங்க காலப் பாத்தா தச்சு வச்சிருக்கான்?"

"செருப்புக் கடிச்சாக் கழட்டிப்போட்டு வெறுங்கால்ல நடக்கலாமுங்க."

"இதையும் கழத்திட்டு வெறுங்காதோட நடங்க. இப்ப அப்படித்தான நடக்கிய."

முறைப்படி என்றால் டாக்டரிடம் போய்ச் சோதித்து, சொந்தக் காதுக்கு அச்செடுத்து, பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. அந்த மாடிப்படியை நினைத்தால் மிச்சமுள்ள பல்லெல்லாம் கூசியது. ஆனால், செத்தவர் காதுக்கு வார்த்ததை உயிரோடிருக்கிறவன் மாட்டிக்கொள்ளலாமா என்பதும் உறுத்தியது. பெரியமுத்துவே வழி சொன்னான்: "அடுத்த சனிக்கிழமை சிமெண்டு ஏத்த வருவேன். அதுவரைக்கும் வச்சுப் பாருங்க. பிடிச்சா எடுத்துக்கிடுங்க. பிடிக்கலன்னா திருப்பித் தந்துருங்க."

மலையைப் பற்றிக் கெட்டது கேட்க மறந்துவிட்டோம் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் நினைவு வந்தது.

கருவியை வெளியே தெரியாமல் எங்கே வைப்பது என்பதில் இரண்டு நாள் போயிற்று. சட்டைப் பையில் வைத்தால் நெஞ்சு ஆயில் இஞ்சின் மாதிரி அடிப்பது கேட்டது. இவ்வளவு சத்தம் போடுகிற ஒன்று எந்த நிமிஷமும் நின்றுவிடும் என்று பயந்து எடுத்துவிட்டார். மடியில் செருகினால் வயிறு ராத்திரி தின்ற கொள்ளுப் பருப்போடு வழக்குப் பேசுவது கேட்டது. மத்தியாசின் காது எப்படிப்பட்டதோ, உள்ளே ஒரு வளைவு இருந்திருக்க வேண்டும். குப்பண்ணன் காதில் அந்த வளைவு இல்லை. இல்லாத இடத்தில் அது குத்தியது. மருதாத்தாள் அவர் காதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வாங்குவதா வேண்டாமா என்று அவரால் முடிவுகட்ட முடியவில்லை. ஊர் வழக்கப்படி, காளையைவிடப் பெரிய விஷயம். கவுளி கேட்க வேண்டும். கருவி இல்லாமல் கவுளி கேட்காது. ஆகவே செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போய், கருவியை மாட்டிக்கொண்டு, "ஆத்தா, இந்தக் கருவிய வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். ச்... ச்... ச்... என்று இடப்பக்கம் கேட்டது.

குப்பண்ணன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மன் வேண்டாம் என்றதற்காக அல்ல. ஆறு வருசம் கழித்துக் கவுளி அவரிடம் பேசியிருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வலப்பக்கத்துப் புளியமரத்தில் ஒரு காகம் உட்கார்ந்து வாயைத் திறந்தது. சத்தம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. சற்றுத் தூரம் நடந்தார். இடப்பக்கம் சைக்கிள் மணி அடிக்கவே வலப்பக்கம் ஒதுங்கினார். வலப்பக்கம் வந்துகொண்டிருந்த கள்ளிறக்கிற ஆள், சைக்கிள், இரண்டு முட்டிக் கள் எல்லாம் அவர்மேல் விழுந்தன.

"மணி அடிச்சேனில்லீங்களா," என்றான் அவன், புழுதியிலிருந்து எழுந்தபடி.

"அடிச்சதாலதானப்பா உன்ற மேல வந்து உழுந்தேன்," என்றார் குப்பண்ணன்.

கள் நாற்றத்தோடு வாய்க்காலில் குளிக்கும்போது கணக்குப் புரிந்தது. கருவி இருப்பது ஒரு காதில். அந்தக் காதுதான் கேட்கிறது. ஆகவே உலகத்தில் உண்டாகிற சத்தம் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்தே வரும். அம்மன் வாங்காதே என்று சொல்லவில்லை. கவுளி எங்கே இருந்தாலும் இடது காது இடது என்றுதான் சொல்லும். இவ்வளவும் புரிந்த பிறகு இன்னொன்றும் புரிந்தது. வெள்ளிக்கிழமையும் அதேதான். கவுளி எந்தச் சுவரில் உட்கார்ந்து கத்தினாலும் அது இடப்பக்கம். மகள் மலையேற மாட்டாள். பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. காதில் விழுந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மோர் குடிக்கலாம். இதைவிட வசதியான கருவி எந்தத் தகப்பனுக்கும் வாய்த்திருக்காது.

புதன்கிழமை முழுவதும் குப்பண்ணன் ரொம்ப யோக்கியனாகவும் கொஞ்சம் திருடனாகவும் இருந்தார். வியாழக்கிழமை காலையில் அந்தக் கவலையை இடது காதே தீர்த்துவைத்தது. அளவு பொருந்தாததைத் திருகித் திருகி வைத்ததில் அது வீங்கி உளுந்து வடை மாதிரி ஆகிவிட்டது. ஒரு துரும்பைக்கூட உள்ளே விட முடியாது. இனி வலது காதுதான். அதில் வைத்தால் எல்லாச் சத்தமும் வலப்பக்கம். மகள் கட்டாயம் மலையேறுவாள். எந்தக் காது என்பதிலேயே வாக்கு முடிந்துவிடுகிறது என்றால் அம்மனுக்கு என்ன வேலை?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கருவி சத்தத்தை மட்டும் சொல்லட்டும். பக்கத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்வது. சத்தம் வந்தவுடன் இரண்டு சுவரையும் பார்த்தால் வாலை ஆட்டுகிற கவுளி எது என்று தெரியாமலா போகும்?

இடது காதுக்கு வார்த்ததைத் தலைகீழாக்கி வலது காதில் வைத்தார். நிற்கவில்லை. பஞ்சைச் சுற்றி அடைத்தார். பாதி நின்றது. சத்தம் குறைவாக இருந்ததால் சக்கரத்தைக் கடைசிவரை திருகினார். பெட்டியை வைக்க அவருக்குக் கிடைத்த ஒரே மறைவான இடம் தலை. புதுப் பண்டாரம் பரிவட்டத்தை மூட்டை கட்டுகிற மாதிரி கட்டுவார் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தூணுக்குப் பின்னால் போய் அவரே கட்டிக்கொண்டார். பெட்டி வலது காதுக்கு மேலே, பட்டுத் துணிக்கு அடியில் உட்கார்ந்தது.

விளக்கு எரிந்தது. பண்டாரம் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து முழம் பின்னால் ரத்தினசாமியும் நாச்சிமுத்துவும். அவர்களுக்கும் பின்னால் தூணோரம் மருதாத்தாளும் முத்தாத்தாளும். குப்பண்ணன் கேள்வியை எடுத்துச் சொன்னார். "ஆத்தா, இந்தப் பசங்க உடும்பஞ்சோலைக்குப் போகோணும்ங்கறாங்க. போலாமா, வேண்டாமா, நீ சொல்லு."

பரிவட்டத் துணி உரசுவது முதலில் மழை மாதிரி கேட்டது. அசையாமல் இருந்தபோது மழை நின்றது. அப்புறம் பெண்கள் பேசுவது கேட்டது. குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

"கவுளி சொல்றது இருக்கட்டும். உன்ற மனசுல என்ன இருக்குது, சொல்லு கண்ணு," என்றாள் மருதாத்தாள்.

"போகோணும்னுதாம்மா இருக்குது."

"அப்பன உட்டுப்போட்டா?"

"அப்பங்கிட்டப் பேசறதும் மோட்டார் ரூமு சொவத்துகிட்டப் பேசறதும் ஒண்ணுதாம்மா. போன மாசம் எனக்குக் காச்சல்னு சொல்றேன், அவுரு சிரிக்கறாரு. பாவமா இருந்துது. நானும் சிரிச்சுப்போட்டேன்."

குப்பண்ணன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிப்போடலாமில்ல, காது கேக்கலன்னு," என்றாள் முத்தாத்தாள். "நாங்க என்ன வேண்டாம்னா சொல்லப்போறம்."

"காது கேக்காதுன்னு ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும்ங்கறது அவுருக்குத்தான் தெரியாது. பழைய பண்டாரத்தோட புருவத்த வெச்சு ஆறு வருசம் ஓட்டினவரு, இன்னைக்கு என்ன பண்ணப்போறாரோ."

ஊருக்கே என்றால் ரத்தினசாமிக்கும் தெரியும். தெரிந்துகொண்டா பல் டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்? அந்த நினைப்பு வந்ததும் குப்பண்ணன் சடாரென்று பின்னால் திரும்பினார்.

திரும்பினால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரத்தினசாமி கையெடுத்துக் கும்பிட்டார். எல்லார் கண்ணும் வலப்பக்கத்துச் சுவரில். குப்பண்ணனும் பார்த்தார். சுவரில் போன வருசத்துச் சுண்ணாம்பைத் தவிர ஒன்றும் இல்லை. காதில் ஏதோ பூச்சி துடிப்பது போல் இருக்கவே கையைக் கொண்டுபோனார். ரத்தினசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கையை எடுத்தார். கும்பிட்ட கைகள் இறங்கின. மறுபடி காதுப் பக்கம் கொண்டுபோனார். மறுபடி கும்பிட்டார்கள்.

மூன்றாம் தடவைதான் அவருக்கு விளங்கியது. பெட்டியும் காதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அளவு பொருந்தாத அச்சின் சந்து வழியாகச் சத்தம் வெளியே கசிந்து, பெட்டிக்குள் போய், திரும்பக் காதுக்கு வந்து, கருவி தனக்குத்தானே பேசிக்கொள்கிறது. கீச்சுக் குரலில். கவுளி மாதிரியே, ஆனால் கருவி வைத்தும் அவருக்கு எட்டாத மெல்லிசுக் குரலில்.

"வலத்துல மூணு தடவ சொல்லிருச்சுங்க," என்றான் நாச்சிமுத்து.

"நீ சொல்லாதீடா. சம்பந்தி சொல்லட்டும்," என்றார் ரத்தினசாமி.

வலது என்று சொன்னால் முடிந்தது. மகளுக்குப் போக ஆசை. மருமகனுக்குப் போக ஆசை. செத்துப்போன மத்தியாசுக்குக்கூட அதுதான் ஆசை போலிருக்கிறது. குப்பண்ணன் பரிவட்டத்தை அவிழ்த்தார். பெட்டி நழுவி, ஒயரில் தொங்கி, தோளில் வந்து இடித்தது. பஞ்சோடு அதைக் காதிலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"கவுளி சொல்லலீங்க. சொன்னது இது. எனக்குக் காது கேக்கறதில்ல. ஆறு வருசமாச்சு. உங்களுக்கெல்லாம் தெரியும்ங்கறது இப்பத்தான் கேட்டுச்சு." தூணோரம் திரும்பினார். "இன்னொண்ணும் கேட்டுச்சு. முத்தாத்தா போகோணும்ங்கறா. இன்னைக்கு நான் கேட்டது அது ஒண்ணுதான். அதைத்தான் சொல்ல முடியும்."

முத்தாத்தாள் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ரத்தினசாமி கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னவோ கேட்டார். குப்பண்ணன் கருவியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "என்னங்க?" என்றார்.

"இது எந்த ஊர்லிருந்து வந்துதுங்கறேன்."

"உடும்பஞ்சோலைங்க."

ரத்தினசாமி பண்டாரத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். "உடும்பஞ்சோலைக்குப் போலாமான்னு கேட்டா, உடும்பஞ்சோலையே இத்தன மலையெறங்கி வந்து வலத்துல நின்னு சொல்லுது. இதுக்கு மேல ஒரு கவுளி என்ன சொல்லும்? ஏனுங்க பண்டாரம், நீங்க சொல்லுங்க. உங்களுக்கும் கேட்டுச்சில்ல?"

பண்டாரம் கண்ணைத் திறந்து, அழகாகச் சிரித்து, எல்லோருக்கும் விபூதி கொடுத்தார். அந்தச் சிரிப்பைக் குப்பண்ணனுக்குத் தெரியும். காதில் விழாத பேச்சுக்கெல்லாம் பதிலாக ஆறு வருசம் அவருடைய சொந்த முகத்திலேயே குடியிருந்த சிரிப்பு. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் கருவி அவர் கைக்குத் திரும்பி வரவில்லை. அம்மன் வாக்குச் சொன்ன பொருளை மனிதன் காதில் செருகக்கூடாது என்று ரத்தினசாமி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சன்னதியில் சூலத்துக்குப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டார். மறுநாள் குப்பண்ணன் வாளையார் போய்ப் பெரியமுத்துவிடம் பணத்தைக் கொடுத்தார். வாங்குவதா வேண்டாமா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பொருளை வாங்கியும் ஆயிற்று, காதுக்கு மட்டும் வரவில்லை.

"நல்லாக் கேக்குதா அண்ணாச்சி?" என்று பெரியமுத்து காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டான்.

"அது நல்லாத்தான் பேசுது. எனக்குத்தான் கேக்கல," என்றார் குப்பண்ணன்.

திங்கள்கிழமை முத்தாத்தாள் அவரைக் கோயமுத்தூர் கூட்டிப்போனாள். மாடிப்படி ஏறி, இந்தத் தடவை இடக்கைப்பக்கம் திரும்பினார்கள். காது டாக்டர் தலையில் ஒரு வளையத்தை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொல்லி எழுதிக் காட்டினார். குப்பண்ணன் நாலு தரம் தூக்கினார். டாக்டர் இன்னும் மெஷினைப் போடவில்லை என்று மகள் சைகை காட்டினாள். அப்புறம் காதுக்குள் சப்பாத்தி மாவு போல எதையோ பிதுக்கி, இறுகவிட்டு, வெளியே எடுத்துக் காட்டினார்கள். சொந்தக் காதின் உள்பக்கத்தை அறுபத்திரண்டு வயசில் முதன்முதலாகப் பார்த்தார். மத்தியாசின் காது இதைவிட லட்சணம் என்றுதான் பட்டது. கருவி கைக்கு வரப் பதினைந்து நாள் ஆகும். முத்தாத்தாள் மலையேறப் பத்து நாள் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் என்னவோ சொன்னாள். முகத்தைப் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடம் மாதிரி இருந்தது. உதடு பாதி விரிந்துவிட்டது. அதை அப்படியே நிறுத்திக்கொண்டு,

"கேக்கல கண்ணு. இன்னொருக்காச் சொல்லு," என்றார்.

முத்தாத்தாள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். அப்புறம் மூச்சை இழுத்துப் பிடித்து, "மலையில அட்டை கடிச்சா உப்பு வெக்கோணுமா, சுண்ணாம்பு வெக்கோணுமான்னு கேட்டனுங்கப்பா," என்று கத்தினாள்.

பஸ் முழுக்கத் திரும்பியது. முன்சீட்டு ஆள் என்னவோ சொன்னார். கண்டக்டர் அதை மறுத்து என்னவோ சொன்னார். பின்னாலிருந்து ஒரு கிழவி கையை ஓங்கிக்கொண்டு எழுந்தாள்.

"என்னங்கறாங்க?" என்றார் குப்பண்ணன்.

"இவுரு உப்புங்கறாரு," என்று கத்தினாள் முத்தாத்தாள். "கண்டக்டரு பொகையிலைத் தண்ணிங்கறாரு."

"அந்தம்மா?"

"பிச்சு எறியக்கூடாதுங்கறாங்க. அதுவா உளுகற வரைக்கும் உட்டுப்போடோணுமாம்."

"ஏன்னு கேளு."

எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் வந்து சேருவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.